தீர்வைத் தேடினால் தரவு வந்தது

“தம்பி, சீனின்னு போட்டுத் தேடினா சனிக்கிழமைக் கடிதமெல்லாம் வருது. என்னன்னு கொஞ்சம் பாருங்க.”

டீச்சரின் இந்தக் குரல்பதிவு வந்தபோது சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் எங்கள் சங்கத்தின் கௌரவச் செயலாளர். நாற்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவர். சங்கத்தின் மின்னஞ்சல் சர்வரை நான் தன்னார்வலராகப் பார்த்துக்கொள்கிறேன். பகலில் வேறொரு நிறுவனத்தில் இதே மாதிரி வேலைதான் எனக்கு. தமிழ்மொழி விழா ஏப்ரலில் வரும். அதற்கு முந்தைய இரண்டு மாதம் சங்கத்தின் அஞ்சல்பெட்டி நிரம்பி வழியும். பானங்களில் சீனி அளவைக் காட்டும் நியூட்ரி-கிரேட் குறியீடு 2022 இறுதியில் வந்ததிலிருந்து நிகழ்ச்சிக்கு என்ன பானம் வாங்குவது என்பதிலும் டீச்சர் கவனமாக இருக்கிறார். முந்தைய ஆண்டு உணவுக்காரருக்குச் சீனி குறைக்கச் சொல்லி எழுதிய கடிதத்தைத் தேடியிருக்கிறார். வந்தவை எல்லாம் சனிக்கிழமைக் கூட்ட அழைப்புகள்.

அதே வாரத்தில் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. முன்பு எங்களோடு வேலை செய்த தன்னார்வலர் ஒருவர், தம்மைப் பற்றி சங்கத்திடம் என்னென்ன தகவல் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டிருந்தார். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-ன்படி அவருக்கு அந்த உரிமை உண்டு. 30 நாளுக்குள் பதில் தர முடியாவிட்டால், எப்போது தருவோம் என்பதையாவது அந்த 30 நாளுக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். சுமார் 60,000 மடல்கள். தேடல் சரியில்லாமல் அவருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வழியில்லை. “இவ்வளவுதான் இருக்கிறது” என்று கையெழுத்துப் போடப்போகிறவர் டீச்சர். தவறான தேடலை நம்பி அவரைக் கையெழுத்துப் போடவைக்க எனக்கு மனம் வரவில்லை.

தேடல் எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அஞ்சல் செயலியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு ஐமேப் என்று பெயர். 2003-ல் வெளியான அதன் வரையறைப்படி, தேடு என்ற கட்டளை வந்தால் மடலுக்குள் அந்த எழுத்துத் தொடர் எங்கே இருந்தாலும் சர்வர் கண்டுபிடித்துத் தர வேண்டும். இண்டெக்ஸ் இல்லாத சர்வர் ஒவ்வொரு மடலையும் திறந்து வாசித்துத்தான் அதைச் செய்யும். 60,000 மடலுக்கு அது ஆகாத காரியம். அதனால் ஒரு நூலின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி, எந்தச் சொல் எந்த மடலில் வருகிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறோம். அதுதான் இண்டெக்ஸ். எங்கள் சர்வரில் ஓடுவது டவ்காட். டிமோ சிரைனென் 2002-ல் வெளியிட்ட திறந்தமூல மென்பொருள். சொல்லடைவுக்கு, ஸேப்பியன் என்ற தேடல் நிரல் நூலகத்தின் மேல் நிற்கும் ஃபிளாட்கர்வ் என்ற செருகியைப் போட்டிருந்தேன். அது சொல்லின் தொடக்கம் பொருந்தினாலே காட்டும். “விழா” என்று தேடினால் “விழாக்குழு”வும் வரும்.

முதலில் நான் சந்தேகப்பட்டது வழக்கமான சங்கதிகளை. டீச்சர் தேடியது எங்கே? கைப்பேசிச் செயலியிலா, மேசைக் கணினியிலா, இணைய அஞ்சலிலா? இதை முதலில் கேட்காமல் சர்வரில் கைவைக்கக் கூடாது என்பது என் அனுபவம். அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் செயலிகள் தமக்கென்று தனி இண்டெக்ஸ் வைத்திருக்கும். அங்கே பழுது இருந்தால் சர்வரை எத்தனை முறை கழுவித் துடைத்தாலும் பயனில்லை. டீச்சர் தேடியது இணைய அஞ்சலில். ஆகவே சர்வருக்குள் நுழைந்து, நடுவில் எந்தச் செயலியும் இல்லாமல் டவ்காட்டின் நிர்வாகக் கட்டளையாலேயே தேடிப் பார்த்தேன். அங்கும் அதே சனிக்கிழமைகள். பிழை சர்வரில்தான்.

சர்வர் தன் வேலைகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்தால் உண்மையிலேயே ஒரு பிழை இருந்தது. இண்டெக்ஸ் எழுதும் பணி, ஓர் அஞ்சல்பெட்டியில் ஒரே மடலில் திரும்பத் திரும்ப விழுந்து செத்துக்கொண்டிருந்தது. யாரோ பங்கேற்பாளர் பட்டியல் முழுவதையும் ஒரே மடலின் உடலில் ஒட்டி அனுப்பியிருந்தார். ஒதுக்கியிருந்த 256 எம்பி நினைவகம் அதற்குப் போதவில்லை. அந்த மடலுக்குப் பின் வந்தவை எதுவும் அந்தப் பெட்டியில் இண்டெக்ஸ் ஆகவில்லை. வரம்பை உயர்த்தினேன், ஓடி முடிந்தது. கிடைக்காமல் இருந்த சில மடல்கள் கிடைத்தன. ஆனால் சீனிக்குச் சனி வருவது நிற்கவில்லை. ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டால் அதுதான் பிழை என்று மனம் முடிவு கட்டிக்கொள்கிறது. அந்த இரண்டு நாள் எனக்கு அப்படித்தான் போனது.

அடுத்து மடல்களையே நேரடியாகத் தேடிப் பார்க்க நினைத்தேன். இண்டெக்ஸை ஒதுக்கிவிட்டு, கோப்புகளுக்குள் “சீனி” எங்கே இருக்கிறது என்று கிரெப் என்ற தேடல் கட்டளையைப் போட்டேன். ஒன்றும் வரவில்லை. தமிழ் மடல்களின் உடல் பெரும்பாலும் பேஸ்64 என்ற முறையில் மாற்றப்பட்டு வருகிறது. கோப்பில் தமிழ் எழுத்தே இருக்காது. சரி, “சீனி” என்பதை பேஸ்64-க்கு மாற்றி அதைத் தேடலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல். கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். பேஸ்64 மும்மூன்று பைட்டாக எடுத்து நான்கு எழுத்தாக்கும். தமிழ் மட்டுமே இருந்தால் கச்சிதமாகப் பொருந்திவிடும். நடுவில் ஓர் இடைவெளி வந்தால் அது ஒரே பைட், அத்தோடு கணக்கு நகர்ந்துவிடும். அதனால் ஒரே சொல்லுக்கு அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மூன்று வடிவம். மூன்றையும் தேடித்தான் அந்தக் கடிதம் சர்வரில் இருக்கிறது என்பதையே உறுதி செய்துகொண்டேன்.

ஞாயிறு காலை சிராங்கூன் ரோட்டில் ஒரு கடையில் டீச்சரைச் சந்தித்தேன். கையில் ஒரு பள்ளி நோட்டுப்புத்தகம் வைத்திருந்தார். தேடியது இடப்பக்கம், வந்தது வலப்பக்கம் என்று கோடு போட்டு எழுதியிருந்தார். தரவுப் பாதுகாப்பு பற்றி முன்பு யாருக்கெல்லாம் எழுதினோம் என்று பார்க்க “தரவு” என்று தேடியிருக்கிறார். பிரச்சினைக்குத் தீர்வு, இடப் பற்றாக்குறைக்குத் தீர்வு என்று தீர்வுகளாக வந்திருக்கின்றன. “மீன்” என்று தேடியதற்கு, மீன் தலைக் கறிக்கு விலை கேட்ட கடிதத்தோடு “சமூக மன்றம்” என்று முகவரி உள்ள மடல் அத்தனையும் வந்திருக்கின்றன. “கீரை”க்குக் கிழக்குக் கரை.

நான் பட்டியலைப் பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தேன். டீச்சர் பேனாவை எடுத்து “தீர்வு” என்ற சொல்லில் இரண்டு இடத்தில் அடித்தார்.

“தம்பி, இந்த ஈகாரக் குறியை எடுத்துடுங்க. ர் மேல இருக்கற புள்ளியையும் எடுத்துடுங்க. இப்ப வாசிங்க.”

தரவு.

“சீனியில ஈகாரம் போனா சனி. மீன்ல அதுவும் புள்ளியும் போனா மன. மன்றத்துல புள்ளி போனாலும் மனன்னுதான் ஆரம்பிக்கும். உங்க மிஷினு புள்ளியையும் ஈகாரத்தையும் தின்னுது. மத்ததைத் தொடலை. கால் இருக்கு, கொம்பு இருக்கு, உகரம் இருக்கு.”

நான் ஒரு வாரம் பதிவேடுகளை வாசித்திருந்தேன். டீச்சர் சொற்களை வாசித்திருந்தார். வீட்டுக்குப் போய், டவ்காட்டிடம் ஒரு சொல்லைக் கொடுத்து அதை இண்டெக்ஸில் எப்படி எழுதுவாய் என்று கேட்கும் கட்டளையை ஓட்டினேன். “தீர்வு” கொடுத்தேன். திரையில் “தரவு” என்று வந்தது.

காரணம் ஒரே வரியில் இருந்தது. இண்டெக்ஸுக்குள் போகுமுன் சொற்களைச் சீராக்க ஐசியு என்ற நிரல் நூலகத்தின் வடிகட்டி ஒன்றைப் போட்டிருந்தேன். நாமாக விதி எழுதிக் கொடுக்காவிட்டால் அது பின்பற்றும் விதி இதுதான்: எழுத்தைச் சிற்றெழுத்தாக்கு, கூட்டெழுத்துகளைப் பிரி, பிறகு தனி அகலம் எடுக்காத குறிகளையெல்லாம் நீக்கு. பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளில் எழுத்தின் தலையில் வரும் கோட்டையும் புள்ளியையும் கழற்றிவிட்டு, அவை இல்லாமல் தட்டச்சு செய்கிறவருக்கும் சொல் கிடைக்கட்டும் என்ற நல்ல நோக்கத்தில் எழுந்த விதி. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் தரமான யூனிகோடு, ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகையும் கொடுத்திருக்கிறது. தமிழின் கால், கொம்பு, ஐகாரக் குறி, இகரக் குறி எல்லாம் அகலம் எடுக்கும் வகையில் சேர்ந்தவை. எழுத்தின் தலைமேல் உட்காரும் ஈகாரக் குறியும் புள்ளியும் மட்டும் அகலம் எடுக்காத வகையில் இருக்கின்றன. தமிழில் நாம் பயன்படுத்தாத அநுஸ்வாரம் ஒன்றும் அதே வகைதான். ஆக, விதி தன் வேலையைச் சரியாகவே செய்தது. தமிழில் புள்ளி என்றால் என்ன என்று அந்த விதிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்த வரியை எங்கள் சர்வருக்குள் கொண்டுவந்தவன் நான். ஒரு தமிழ்ச் சொல்லையாவது கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

வடிகட்டியை அப்படியே எடுத்துவிடலாமா என்றால் கூடாது. அதன் நடுப்பகுதி, கூட்டெழுத்தைப் பிரிக்கும் வேலை, தமிழுக்குக் கட்டாயம் தேவை. “கொ” என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. பிரித்துச் சீராக்கினால்தான் இரண்டும் ஒன்றாகும். ஆகவே நீக்கும் பட்டியலிலிருந்து தமிழ் எழுத்துமுறையைச் சேர்ந்த குறிகளை மட்டும் கழித்துவிடு என்று விதியை மாற்றி எழுதினேன். மீண்டும் “தீர்வு” கொடுத்தேன். “தீர்வு” என்றே வந்தது. மணி இரவு பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. இண்டெக்ஸைச் சரிபார்க்கும் ரீஸ்கேன் கட்டளையையும் ஓட்டிவிட்டு, நிம்மதியாகப் படுத்தேன்.

காலை ஏழு மணிக்கு டீச்சர் அழைத்தார். “தம்பி, இப்ப எதுவுமே வரலையே?”

முழுக்க வரவில்லை என்றும் சொல்ல முடியாது. “விழா” வந்தது. “பாடல்” வரவில்லை. அன்று காலையில் வந்த மடலிலிருந்த “பாடல்” மட்டும் வந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்ததும் புரிந்தது. பழைய இண்டெக்ஸ் புள்ளியில்லாமல் “பாடல” என்றே எழுதி வைத்திருக்கிறது. தேடுகிறவரின் சொல் இப்போது புள்ளியோடு போய் நிற்கிறது. இரண்டும் சந்திக்கவே இல்லை. ரீஸ்கேன் எந்த மடல் இண்டெக்ஸில் இருக்கிறது, எது இல்லை என்பதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். உள்ளே சொற்கள் எந்த வடிவில் கிடக்கின்றன என்று பார்ப்பது அதன் வேலையில்லை. எல்லா மடலும் இருக்கின்றன என்று அது சொன்னதில் பொய்யில்லை. சொற்களைச் சீராக்கும் விதியில் ஒரு எழுத்தை மாற்றினாலும் பழைய இண்டெக்ஸை அழித்து அடியிலிருந்து எழுத வேண்டும். இதே வேலையில் இருப்பவர்கள் இந்த ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு எல்லா அஞ்சல்பெட்டிக்கும் அதைச் செய்தேன். விடிவதற்குள் முடிந்தது.

சீனி சீனியானது, சனி சனியானது. அடுத்த நாள் டீச்சர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். முன்பெல்லாம் “தமிழ்” என்று தேடினால் “தமிழில்”, “தமிழுக்கு”, “தமிழர்” எல்லாம் வரும். இப்போது “தமிழ்” என்று தனியாக நிற்கும் இடங்களும் “தமிழ்ச்சங்கம்” போன்றவையும்தான் வருகின்றன.

இதைப் பற்றி நீண்ட நேரம் யோசித்தேன். புள்ளியைத் தின்ற பிழை, தெரியாமலே ஒரு நல்லதையும் செய்துகொண்டிருந்திருக்கிறது. “தமிழ்” என்பது “தமிழ” என்று ஆனதால் “தமிழி”, “தமிழு” எல்லாவற்றுக்கும் அது தொடக்கமாகப் பொருந்தியது. மெய்யில் முடியும் சொல்லின் மேல் உயிர் வந்து ஏறும்போது புள்ளி மறைவது பள்ளியில் படித்த புணர்ச்சி விதி. யூனிகோடும் அதே போலத்தான் நடந்துகொள்கிறது. ஆகவே சொல்லின் நடுவில் உள்ள புள்ளி தேவை, தேடும் சொல்லின் இறுதிப் புள்ளி மட்டும் தேவையில்லை. டவ்காட்டின் விதிவரியில் “இறுதியில் மட்டும்” என்று சொல்ல எனக்கு வழி அமையவில்லை. அதனால் இண்டெக்ஸைத் தொடாமல், இணைய அஞ்சலின் தேடல் பெட்டியில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். தட்டிய சொல் புள்ளியில் முடிந்தால், சர்வருக்கு அனுப்புமுன் அந்தக் கடைசிப் புள்ளியை எடுத்துவிடும். “தீர்வு” தப்பியது, “தமிழில்” திரும்பி வந்தது. கைப்பேசிச் செயலியில் தேடுகிறவர்களுக்கு இது எட்டாது. கடைசிப் புள்ளியை வைக்காமல் தேடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

மகரத்தில் முடியும் சொற்கள் இதற்கும் அடங்கவில்லை. “கூட்டம்” உருபு ஏற்கும்போது “கூட்டத்தில்” ஆகிவிடுகிறது, மகரமே போய்விடுகிறது. “ம்” என்று முடிந்தால் அதையும் வெட்டிவிடலாமா என்று டீச்சரிடம் கேட்டேன். “வேண்டாம். அப்புறம் கூட்டு, கூட்டணி எல்லாம் வரும். எங்களுக்கு வேர் எதுன்னு தெரியும், நாங்களே கூட்டத்த வரைக்கும் போட்டுத் தேடிக்கறோம்” என்றார். ஸ்னோபால் நூலகத்தில் தமிழுக்கும் அடிச்சொல் காணும் நிரல் இருக்கிறது. பயனருக்குத் தெரியாமல் சொல்லை வெட்டும் எதையும் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்று டீச்சரின் பக்கமே நின்றேன்.

இந்த ஆராய்ச்சியில் தற்செயலாக ஒன்று தெரிந்தது. டவ்காட் ஒரு சொல்லை 30 பைட்டோடு வெட்டிவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அது 30 எழுத்து, தாராளம். தமிழுக்குப் பத்தே குறிகள். “சிங்கப்பூர்” என்பதை எண்ணிப் பாருங்கள்: ச, இகரக் குறி, ங, புள்ளி, க, ப, புள்ளி, ப, ஊகாரக் குறி, ர. பத்து முடிந்தது. கடைசிப் புள்ளிக்கு இடமில்லை. சிங்கப்பூரில், சிங்கப்பூருக்கு, சிங்கப்பூரர் எல்லாமே அந்தப் பத்தோடு நின்று ஒன்றாகிவிடுகின்றன. எங்கள் மடல்களில் அதிகம் வரும் ஊர்ப்பெயர் எந்த வேற்றுமையில் நின்றாலும் கிடைப்பதற்கு இந்த வெட்டுதான் காரணம். “ஒருங்கிணைப்பு”ம் “ஒருங்கிணைப்பாள”ரும் ஒன்றாவது சின்னத் தொல்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

எந்த விதியாலும் தீராதவையும் உண்டு. “கௌரவச் செயலாளர்” என்பதைப் பாதிப் பேர் ஔகாரக் குறியோடு அடிக்கிறார்கள், மீதிப் பேர் ஒற்றைக் கொம்பும் ளகரமுமாக அடிக்கிறார்கள். பார்க்க ஒன்று, யூனிகோட்டின் கணக்கில் தொடர்பே இல்லாத இரண்டு. கோயில்களிலிருந்து வரும் கடிதங்களில் “ஸ்ரீ”யும் அப்படியே. 2005-ல் யூனிகோடு 4.1 தமிழுக்குத் தனி ஶகரம் ஒன்றைத் தந்த பிறகு, சில விசைப்பலகைகள் அதைக் கொண்டு எழுதுகின்றன, சில பழைய ஸகரத்திலேயே நிற்கின்றன. இவற்றை இரண்டு முறை தேட வேண்டியதுதான்.

பழைய மடல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊருக்கு அதில் ஒரு பங்கு உண்டு. தமிழ் இணையத்துக்கு வந்த தொடக்க நாள்களில் சிங்கப்பூர் முன்வரிசையில் நின்றது. எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் கணியன் எழுத்துருவை உருவாக்கினார். தமிழ்நெட் 97 மாநாடு 1997 மே மாதம் இங்கே நடந்தது. 2000-ல் தமிழ் இணைய மாநாடு மீண்டும் இங்கே கூடியபோது உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் பிறந்தது. அந்தக் காலத்து மடல்கள் எங்கள் சர்வரில் சில ஆயிரம் இருக்கின்றன. யூனிகோடு பரவுமுன் எழுதியவை. சில திஸ்கி என்ற பழைய பொதுக் குறியேற்றத்தில், சில வெவ்வேறு எழுத்துருவின் சொந்தக் குறியேற்றத்தில். எல்லாமே தலைப்பகுதியில் தம்மை மேலை ஐரோப்பிய எழுத்து என்று சொல்லிக்கொள்கின்றன. சர்வர் அதை நம்பி, ஐரோப்பிய எழுத்துகளாகவே இண்டெக்ஸ் செய்துவிட்டது. அதற்குள் யார் எதைத் தேடியும் பயனில்லை.

திஸ்கி மடல்களை மாற்றுவது எளிதாக இருந்தது. லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்தோடு வரும் ஐகான்வ் என்ற குறியேற்ற மாற்றி திஸ்கியை அறியும். திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதும் முறை. “கொ” என்றால் கொம்பு முதலில், பிறகு ககரம், பிறகு கால். அதை யூனிகோடு வரிசைக்குத் திருப்பும் வேலையையும் ஐகான்வே செய்துவிடுகிறது. மூல மடலைத் தொடாமல், மாற்றிய படியை வேறொரு கோப்புறையில் போட்டேன். மற்ற எழுத்துருக்களுக்கு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் அலங்கோலமாகத் தெரியும் முதல் வரி பெரும்பாலும் “அன்புடையீர்” அல்லது “வணக்கம்” என்றுதான் இருக்கும் என்று அவர் சொன்னார். அதை வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து இணை போட்டோம். முதல் எழுத்துரு பிடிபட்ட மாலையில், 1999-ல் தாம் எழுதிய ஒரு கடிதத்தை டீச்சர் திரையில் வாசித்தார். வாசித்து முடித்துச் சற்று நேரம் பேசவில்லை. அதில் பெயர் வரும் இரண்டு பேர் இப்போது இல்லை.

தன்னார்வலருக்கான பதிலை இருபத்திரண்டாம் நாள் அனுப்பினோம். பழைய கோப்புறையிலிருந்து கிடைத்த மடல்களும் அதில் இருந்தன. டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய நோட்டுப்புத்தகத்தின் சொற்சோடிகள் இப்போது சர்வரில் ஒரு கோப்பாக இருக்கின்றன. தினமும் இரவு இரண்டு மணிக்கு ஒரு சிறு நிரல் ஓடும். ஒவ்வொரு சோடியையும் டவ்காட்டிடம் கொடுத்து, இரண்டும் இண்டெக்ஸில் வேறு வேறாக வருகின்றனவா என்று பார்க்கும். தீர்வு, தரவு. சீனி, சனி. நீதி, நதி. வீரம், வரம். வீடு, வடு. மீதி, மதி. எந்த மேம்படுத்தலுக்குப் பிறகாவது ஒரு சோடி ஒன்றாகிவிட்டால் எனக்குச் செய்தி வரும்.

போன வாரம் டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. “தம்பி, நீரை, நரை. இதையும் சேர்த்துடுங்க.”

சேர்த்துவிட்டேன்.